முதல் விளம்பரத்துக்குள் சாகிறவர்

லெஸ்டர் டூலியின் முகத்தை அறியாத அமெரிக்கர் அந்நாளில் குறைவு. பெயரை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. மனைவி, ஏஜென்ட், பால்காரர் என்று அந்த வட்டம் முடிந்துவிடும். வான் நைஸ் மார்க்கெட்டில் அவர் ஆரஞ்சு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு பெண்மணி தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு உற்றுப் பார்ப்பார்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேனே. எங்க வீட்டு வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு வந்தீங்களா?"

"இல்லீங்கம்மா. செவ்வாய்க்கிழமை உங்க வீட்டு டிவியில செத்தேன்."

"அட ஆமா! கிணத்துல தள்ளினாங்களே!"

"அது போன வாரம். இந்த வாரம் கத்தி."

அந்தப் பெண்மணி அனுதாபத்தோடு ஒரு நல்ல ஆரஞ்சை எடுத்து அவர் பையில் போட்டுவிட்டுப் போவார். செத்தவர்மேல் யாருக்கும் பகை கிடையாது. அந்தத் தொழிலில் இருந்த ஒரே சௌகரியம் அது.

கௌபாய் தொடரானாலும் சரி, துப்பறியும் தொடரானாலும் சரி, ஆரம்பித்த ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் செத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கதாநாயகனுக்கு வேலை இல்லை. அந்த ஒருவர் பெரும்பாலும் டூலியாக இருந்தார். வட்டிக்கடைக்காரர், ரயில் கார்டு, பேராசைக்காரப் பண்ணையாளர், ஒன்றும் தெரியாத தபால்காரர் என்று வேடம் மாறும், விதி மாறாது. முதல் சோப்பு விளம்பரம் வருவதற்குள் ஆள் காலி.

இந்தக் கலையை அவர் அயோவா மாநிலத்து ஒட்டும்வா என்ற ஊரில் கற்றார். அப்பா இறைச்சித் தொழிற்சாலைக்குப் பன்றி வாங்கிக் கொடுப்பவர். மகனும் பன்றி வாங்குவான் என்று நம்பிக்கொண்டிருந்தவர். மகனோ கோடையில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து நாடகம் போடும் ஒரு குழுவோடு கிளம்பிவிட்டான். அங்கே லெஸ்டருக்கு இரண்டாம் அங்கத்தில் சாவு. செத்த கையோடு எழுந்து, பின்பக்கமாக ஓடி, இடைவேளையில் சபையோருக்கு மிட்டாய்ப் பெட்டி விற்க வேண்டும். இப்போதுதான் கண்ணெதிரே சுடப்பட்டு விழுந்தவனிடம் யாரும் ஒரு சங்கடமும் இல்லாமல் மிட்டாய் வாங்கினார்கள். டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்த வெர்னா என்ற பெண் மட்டும், "இன்னிக்குக் கொஞ்சம் அவசரமா செத்துட்டே" என்று குறை சொன்னாள். விமர்சனம் சரியாக இருந்ததால் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். பிறகு போர் வந்தது. கான்சாஸில் ஒரு ராணுவ அலுவலகத்தில் தட்டச்சு செய்தார். அங்கே யாருமே சாகவில்லை.

அவருக்குப் பெயர் வந்தது நியூயார்க்கில். பெயர் என்றால் தொழிலுக்குள்ளே மட்டும் புழங்கும் பெயர். அப்போது தொலைக்காட்சி நாடகங்கள் எல்லாம் நேரலை. நடித்துக்கொண்டிருக்கும்போதே நாடு பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் டூலி வழக்கம்போல் சுடப்பட்டுச் செத்து, கேமரா நகரட்டும் என்று கிடந்தார். கேமரா நகரவில்லை. அடுத்த காட்சிக்கு உடை மாற்றப் போன கதாநாயகனுக்குக் கால்சட்டைப் பித்தான் சிக்கிக்கொண்டது. கேமராவுக்குக் கீழே குந்தியிருந்த தள நிர்வாகி, கண்ணுக்குத் தெரியாத ரப்பரை இழுப்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்து விரித்துக் காட்டினார். 'இழு, இன்னும் இழு' என்று அதற்குப் பொருள். செத்தவன் எதை இழுப்பது? டூலி மெல்லக் கண்ணைத் திறந்தார். தன்னைச் சுட்டவனை நெடுநேரம் பார்த்தார். மன்னிக்கப்போவதுபோல் உதட்டை அசைத்தார். மனம் மாறி, மறுபடியும் செத்தார். அதற்குள் பித்தான் கழன்றது. மறுநாள் ஒரு பத்திரிகை இரண்டு வரி பாராட்டி எழுதியது. அந்த இரண்டு வரி அவருடைய தலையெழுத்தாகிவிட்டது. அதன்பின் அவரை உயிரோடு விட்டுவைக்க எந்த எழுத்தாளருக்கும் மனம் வரவில்லை.

கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் இதிலிருந்த வம்பு புரிந்தது. ஒரு தொடரில் செத்த நடிகன் அதே தொடரில் இரண்டு வருடத்துக்குத் தலை காட்டக் கூடாது. பார்ப்பவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்களாம். கைதாகிறவனுக்கு அந்தத் தடை இல்லை. மீசை ஒட்டிக்கொண்டு அடுத்த மாதமே வேறு பெயரில் வரலாம். எனவே ஊரிலிருந்த துணை நடிகர்கள் எல்லாரும் சிறைக்குப் போகவே ஆசைப்பட்டார்கள். ஸ்டுடியோவுக்கு எதிரிலிருந்த காபிக் கடையில் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"எனக்கு ஆயுள் தண்டனைப்பா!"

"குடுத்து வெச்சவன்டா நீ. எனக்குத் தூக்கு."

"லெஸ்டர், உனக்கு?"

"குதிரை மிதிச்சுது."

"இன்னொரு கதவும் மூடிச்சா!"

ஐம்பத்தெட்டாம் வருடம் பிறந்தபோது, ஓடிக்கொண்டிருந்த தொடர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் டூலிக்கு ஒரு கல்லறை இருந்தது. திங்கட்கிழமை காலைகளில் அவர் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருவார். வெர்னா பல் மருத்துவர் ஒருவரிடம் வேலைக்குப் போவாள். ஒரு தடவை கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்ல லெஸ்டர். அடுத்த வாரம் என்னன்னு தெரிஞ்ச புருஷன் ஒருத்தன் வேணும். அவ்ளோதான்."

அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் நடித்த மனிதர்களில் ஒருவருக்கும் அடுத்த வாரம் என்று ஒன்று இருந்ததில்லை.

மார்ச் மாதம் ஏஜென்ட் மோ கிராஸ்னிக் அழைத்தார். மோ எல்லாரையும் ராசா என்றுதான் கூப்பிடுவார். பெயர் மறந்துபோகும் என்ற பயம்.

"ராசா, உக்காந்திருக்கியா? இந்தத் தடவை நீ சாகல."

"பின்ன?"

"மயக்கம் போட்டு விழற. 'கூகர் கணவாய்'னு புதுத் தொடர். அதுல தந்தி குமாஸ்தா நீ. அந்த ஊருக்கு வாரா வாரம் எவனாவது கெட்டவன் வரணும்ல? வர்றான்னு ஒருத்தன் சொல்லணும்ல? குமாஸ்தா எடுபட்டா அப்படியே வெச்சுக்கலாம்ங்கறார் புரொடியூசர்."

"எதுவரைக்கும்?"

"தொடர் ஓடற வரைக்கும். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணினாப் போதும் ராசா. உயிரோட இரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

கதை சுலபமானது. கொள்ளைக்காரர்கள் தந்திக் கம்பியை அறுக்க வருகிறார்கள். குமாஸ்தா கடைசிச் செய்தியைத் தட்டிவிடுகிறார். தோளில் குண்டு படுகிறது. தள்ளாடி வெளியே வந்து, பலகை நடைபாதையில் விழுகிறார். ஷெரிப்பும் டாக்டரும் ஓடி வருகிறார்கள். டாக்டர் நாடி பார்த்து, "பிழைச்சுக்குவான்" என்கிறார். முடிந்தது.

சாட்ஸ்வர்த் மலைப்பக்கம் ஒரு பண்ணையில் பொய்த்தெரு ஒன்று கட்டியிருந்தார்கள். படப்பிடிப்பின் கடைசி நாள், பிற்பகல். டிஸ்டேல் என்ற டைரக்டர் வயிற்றுப் புண்காரர். பால் டம்ளரும் கையுமாக நின்று, "ஆக்‌ஷன்" என்றார்.

டூலி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். மயக்கம் போட வேண்டும் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் உடம்புக்கு யார் சொல்வது? கூடாரத்திலிருந்து நேற்றுவரை அது விழுந்தால் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் விழுந்திருக்கிறது. முழங்கால் மடிந்தது. கை தூணைத் தேடிப் பிடித்து, மெல்ல வழுக்கி இறங்கியது. ஏதோ சொல்லவந்து, சொல்வதற்கு ஆள் இல்லாததைக் கண்டு வாய் நின்றது. சாய்ந்தார். கண்கள் திறந்தபடியே வெளிச்சத்தை விட்டுவிட்டன. எல்லாம் முடிந்த பிறகு, சாவி ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதுபோல், விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

குதிரை பார்க்கிறவன் தொப்பியைக் கழற்றிவிட்டான். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். விளக்குத் தூக்குகிறவர்கள் கைதட்டி டூலி அதுவரை கேட்டதில்லை.

"இதான்!" என்று கத்தினார் டிஸ்டேல். பால் சிந்தியதைக்கூடக் கவனிக்கவில்லை. "குமாஸ்தா செத்தாச்சு! இதை விட்டுட்டு எவனாவது பிழைக்க வைப்பானா? கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்க. டாக்டர், உங்க வசனம் வேணாம். நாடியைப் பாருங்க, தொப்பியை எடுங்க, போதும்."

டூலி படுத்தபடியே தலையைத் தூக்கினார். "சார், ஸ்கிரிப்ட்ல எனக்கு வெறும் மயக்கம்னுதான்..."

"ஸ்கிரிப்ட் கிடக்கட்டும்யா. இந்த வருஷம் நான் எடுத்ததுலயே இதுதான் உருப்படியான ஷாட். எங்கய்யா இருந்தே இத்தனை நாளா?"

இத்தனை நாளும் இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் சாவை ஒப்புக்கொண்டதாகி வேலை போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும். எழுந்து காபிப் பாத்திரத்தை நோக்கி நடந்தார்.

அங்கே டாக்டர் வேடம் போட்ட பெர்சி ஹாலம் கொதித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் கனடா முழுவதும் மேடையில் ராஜாக்களாக ஆண்டவர். இப்போது நாடி பார்க்கிறார்.

"திருப்தியாய்யா உனக்கு?"

"நான் வேணும்னா செஞ்சேன்? பழக்கம், பெர்சி."

"உன் பழக்கத்துல என் வசனம் போச்சு. காலையிலேர்ந்து மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன்."

"ஒரே வார்த்தை!"

"ஒரு வார்த்தைன்னா லேசா? ஆயிரம் வார்த்தைல ஒண்ணு தப்பினா எவனுக்கும் தெரியாது. ஒண்ணுல ஒண்ணு தப்பினா?" பெர்சி குரலைத் தாழ்த்தினார். "வாயைத் திறக்காதவனுக்குக் கடைசியில பேர் போட மாட்டாங்க, லெஸ்டர். டொரான்டோல என் தங்கச்சி டிவி முன்னாடி உக்காந்து பேருக்காகவே கடைசிவரைக்கும் பாப்பா."

டூலி அவருக்கும் ஒரு காபி ஊற்றிக் கொடுத்தார்.

"நீ லேசா ஒரு முனகல் முனகு," என்றார் பெர்சி. "மத்ததுக்கு நான் ஆச்சு. வெயில் மலையைத் தொட்டாச்சு. ஒரு டேக்குக்குத்தான் வெளிச்சம் இருக்கு. எடுத்தது எடுத்ததுதான்."

"ஆனா அந்தச் சாவு..." டூலி விளக்குத் தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கைதட்டினாங்க, பெர்சி."

"அதை வெச்சு என்ன பண்ணப்போறே? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டுவியா? அடுத்த வாரம் உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

டூலி நடைபாதையில் மறுபடி படுத்தார். கேமரா ஓடியது. ஷெரிப்பாக நடித்த ராண்ட் கார்வர் வந்து நின்றார். தாடை அழகு, மண்டைக்குள் தனது வசனம் தவிர வேறெதுவும் தங்காது. காட்சி மாறியதை டிஸ்டேல் அவரிடமும் சொல்லியிருந்தார். அப்போது கார்வர் கோல்ஃப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

பெர்சி குனிந்து மணிக்கட்டைப் பிடித்தார். மெல்ல, மிக மெல்ல, தொப்பியை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். இவ்வளவு நிதானமாக எவரும் தொப்பியை எடுத்ததில்லை. அவர் காத்திருக்கிறார் என்று டூலிக்குத் தெரிந்தது.

முனக வேண்டும். ஆனால் எப்படி? சாவதற்கு அவரிடம் நூறு வழி இருந்தது. உயிரோடிருப்பதை அவர் பயின்றதே இல்லை. வீட்டில் சும்மா இருந்தபடி செய்கிற காரியம், கேமரா முன்னால் ஆளைக் கொல்கிற காரியமாக இருந்தது. தொப்பி காதைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போனால் இறுதி மரியாதை ஆகிவிடும். டூலி எச்சில் விழுங்கினார். பிணமாக நடிப்பவன் செய்யக்கூடாத குற்றங்களில் முதலாவது அது. அதன் பின்னால், இருட்டில் படி தவறியவன் போடுவதுபோல், கொஞ்சமும் அழகில்லாத ஒரு முனகல் வந்தது.

தொப்பி பழைய இடத்தில் அழுந்தி உட்கார்ந்தது.

"பிழைச்சுக்குவான்!" என்று பெர்சி முழங்கினார். வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்த பேச்சு, அதோடு நிற்கவில்லை. "வெந்நீர் கொண்டாங்க! சுத்தமான துணி கொண்டாங்க! எத்தனையோ காயம் பாத்தவன் நான்; இவன் பிழைப்பான்!"

கார்வர் தனக்குரிய பழைய வசனத்தை மட்டுமே அறிந்தவர். நிம்மதியோடு மூச்சுவிட்டு, "நல்ல வேளை, டாக்டர்" என்றார். கூடவே சிரித்தார்.

"கட்!" என்றார் டிஸ்டேல். வானத்தைப் பார்த்தார். கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர், "வெளிச்சம் போச்சுங்க" என்றார். கார்வர் ஏற்கெனவே காரில் ஏறிக்கொண்டிருந்தார். டைரக்டர் நடைபாதைக்கு வந்து டூலியைக் குனிந்து பார்த்தார். கோபம்கூட வற்றிப்போன குரலில் சொன்னார்:

"என் வாழ்க்கைலயே ஒரு நல்ல சாவு கிடைச்சுது. அதையும் எழுப்பி விட்டுட்டியேய்யா."

வீட்டில் வெர்னா இறைச்சி ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு? இருக்கியா, போயிட்டியா?"

"தெரியல."

"அது எப்படி ஒரு மனுஷனுக்குத் தெரியாம இருக்கும்?"

"டைரக்டரைக் கேட்டா போயிட்டேன். டாக்டரைக் கேட்டா இருக்கேன். ஷெரிப் சந்தோஷமா வீட்டுக்குப் போனார்."

நடந்ததை எல்லாம் சொன்னார். கைதட்டியதைச் சொல்லும்போது மட்டும் உருளைக்கிழங்கு மசியலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ்ளோ நல்லாவா செத்தே?"

"விரல்ல ஒரு விஷயம் வந்துச்சு, வெர்னா. முன்னாடி வந்ததே இல்ல."

"எங்க, எனக்கும் ஒரு தடவை காட்டு."

சமையலறைத் தரையில் இடம் ஒதுக்கி விழுந்து காட்டினார். வெர்னா கையைக் கட்டிக்கொண்டு கவனமாகப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். டிக்கெட் கூண்டிலிருந்தவளுக்குப் பொய் சொல்ல வராது என்பதால் இருவருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. விரலில் வந்த அந்த விஷயம், வந்த இடத்துக்கே போய்விட்டிருந்தது. அவள் கைகொடுத்து எழுப்பினாள். "எழுந்திரு. ஆறிப் போகுது."

திங்களும் செவ்வாயும் தொலைபேசி அடிக்கவில்லை. புதன்கிழமை அடித்தது, தவறான எண். வெள்ளிக்கிழமை மோ.

"ராசா! என்னய்யா பண்ணினே அங்க?"

டூலி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மோ, அந்த டைரக்டர் சொன்னது..."

"டைரக்டரா? நான்தான் குமாஸ்தாவைப் பிழைக்க வெச்சேன்னு ஸ்டுடியோ முழுக்கச் சொல்லிட்டுத் திரியறார். கார்வருக்குச் சிரிக்கவே வராதுன்னு மேலிடத்துல ஒரே புகார் இருந்திருக்கு. படத்தைப் போட்டுப் பாத்தா, ஆள் உன்னைப் பாத்துச் சிரிக்கறான். பத்து வயசு குறைஞ்சு தெரியறான். புரொடியூசர் என்ன சொல்றார் தெரியுமா? அந்தக் குமாஸ்தாவைப் பக்கத்துலயே வெச்சிருங்க, அப்பப்ப அடிபடட்டும், ஆனா சாகக் கூடாதுன்னுட்டார். ராசா, கேக்குதா? நீ இருக்கே!"

டூலி பதில் சொல்ல நேரமாயிற்று. தள நிர்வாகி யாரும் கையை விரித்துக் காட்டாமலே இழுத்த மௌனம் அது.

'கூகர் கணவாய்' ஆறு வருடம் ஓடியது. குமாஸ்தா ஆறு வருடமும் இருந்தார். தொடர் நின்ற பிறகு டூலி வேறு தொடர்களில் திரும்பவும் சாகப் போனார். ஒழுங்காகத்தான் செத்தார், ஆனால் பழைய ஆட்கள், பிழைத்ததில் அவருக்குக் கை கெட்டுவிட்டது என்றார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நிஜமாகவே இறந்தபோது, தூக்கத்தில், ஒரு சைகையும் இல்லாமல் போனார். "ஒரு முயற்சியும் எடுத்துக்கல" என்று வெர்னா சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

ஆனால் இருந்த காலத்தில் டூலியைக் கேட்டால், அந்த ஆறு வருடத்தில் பிடித்தது முதல் கோடைதான் என்பார். தோளில் குண்டு பட்டவருக்குக் கட்டு வேண்டும், கட்டுக்கு டாக்டர் வேண்டும், டாக்டருக்கு வசனம் வேண்டும். பெர்சி ஹாலம் மதியச் சாப்பாட்டில் எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு, "தோள்பட்டைக் காயம் சட்டுனு ஆறாதுங்க, டாக்டர் நான் சொல்றேன்" என்று வற்புறுத்தி வந்தார். டூலி ஒற்றைக் கையால் தந்தி அடித்துக்கொண்டிருந்தார். கோடை பாதி கடந்தும் கட்டு மட்டும் குறைந்தபாடில்லை.

ஒரு காலை, படப்பிடிப்புக்கு முன்னால், பெர்சி புதுக் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"யோவ், கை நல்லாயிடுச்சுய்யா," என்றார் டூலி. "ஊருக்கே தெரியும்."

"யார் டாக்டர்? நீயா, நானா?"

"வெக்கமா இல்ல உனக்கு?"

"எனக்கு இந்த வாரம் நாலு வரி. தங்கச்சி போன் பண்ணிப் பாராட்டறா. உனக்கு ஆறிடுச்சுன்னா நான் மறுபடி நாடி பாக்கப் போகணும்." பெர்சி முடிச்சை இறுக்கினார். "அடுத்த வாரமும் உனக்கு வலிக்குது."

டூலி அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். வெளியே குதிரைகளை ஓட்டிவரும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரமா?" என்றார். "சரி. வலிக்கட்டும்."